திருடன் வாசித்துக் காட்டினான்

பொலிஸ் வேஷத்தில் வீடு புகுந்து கொள்ளையடிப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று தேயிலைத் தோட்டங்களில் கூட்டம் போட்டுப் பேசும்படி எங்கள் பழைய நிலையத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. பேசும் பொறுப்பு ஒரு புதிய பெண் கான்ஸ்டபிளின் தலையில் விழுந்திருக்கிறது. அவள் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, என்னத்தச் சொல்ல?"

"அடையாள அட்டையக் கேளுங்கன்னு சொல்லு."

"அதெல்லாம் தாள்ல அடிச்சுக் குடுத்திருக்காங்க. நீங்க ஒங்க அனுபவத்தச் சொல்லுங்களேன்."

போனில் எனக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. நேரில் மூன்று. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னைக் கேட்டால் அடையாளம் மிகச் சுலபம். வந்தவர் மரியாதையாகப் பேசினால் சந்தேகப்படுங்கள். முதல் தடவையிலேயே சரியான வீட்டுக்கு வந்துவிட்டால் கதவைச் சாத்துங்கள். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டினால் கூச்சல் போடுங்கள். இதை அந்தப் பெண் கூட்டத்தில் சொன்னால் அவளுடைய வேலை போய்விடும். எனக்குத்தான் ஓய்வூதியம் வந்துவிட்டதே, நான் சொல்லலாம்.

நான் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். கணக்கில் இரண்டாம் தடவைதான் தேறினேன். தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிள்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது, பேசவே கூச்சப்படும் என்னை அப்பா கையைப் பிடித்து நேர்முகத் தேர்வுக்கு இழுத்துப் போனார். பயிற்சிக் கல்லூரியில் இடது எது, வலது எது என்று சிங்களத்தில் புரிந்துகொள்வதற்குள் பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது. என் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்ன பயிற்சியாளர், காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த எறும்பை யார் உள்ளே விட்டது?" என்றார். அந்த எறும்பு இருபத்திரண்டு வருடம் பொலிஸில் இருந்தது.

நான் அதிக காலம் வேலை செய்த நிலையம் பதுளைப் பக்கம். பெயர் வேண்டாம். அங்கே என் வேலை மொழிபெயர்ப்பு. தோட்டத்திலிருந்து முறைப்பாடு சொல்ல வருபவர் தமிழில் சொல்வார். நான் அதைச் சிங்களத்தில் சொல்வேன். சார்ஜன்ட் எழுதுவார். எழுதி முடிந்ததும் நான் அதைத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். "சரிதானே?" என்று கேட்க வேண்டும். அவர் ஆம் என்ற பிறகு அவர் கையெழுத்து. அதற்குக் கீழே, தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து. இது சட்டம்.

நடைமுறை வேறு. வெளியே வாங்குப் பலகையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். சார்ஜன்ட்டுக்குப் பசிக்கும். "நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பேன். எல்லோரும் போட்டார்கள். பொலிஸ் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன ஒரு தோட்டத்து ஆளையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் பொறுப்பதிகாரி தென் மாகாணத்துச் சிங்களவர், தமிழ் எழுத்துத் தெரியாது. கத்தவே மாட்டார். நிலையத்தின் விறாந்தை நெடுக அந்தூரியம் தொட்டிகள் வைத்திருந்தார். விசாரணை நடக்கும்போது உட்காரமாட்டார். ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். சாதாரண நாளில் என்னை "லோகா" என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகி, "நோனா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். ஆண்களென்றால் "மாத்தையா". அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மற்றவர்களுக்கெல்லாம் வெளியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்டமொன்றின் மேல்பிரிவிலிருந்து செய்தி வந்தது. பொலிஸ் வந்து நகையையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"நம் ஆட்களா?" என்று பொறுப்பதிகாரி கேட்டார். சார்ஜன்ட் எண்ணிப் பார்த்தார். எல்லோரும் நிலையத்தில்தான் இருந்தார்கள். கொஞ்சம் நிம்மதியோடு ஜீப்பில் ஏறினோம்.

வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தோட்டத்தில் வீட்டு விலாசம் என்று ஒன்று கிடையாது. கடிதமென்றால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். லயங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். செல்வமணி என்ற பெயரில் அந்தப் பிரிவில் மூன்று பேர். முதல் செல்வமணி எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். இரண்டாம் செல்வமணி தன் புருஷனைக் காட்டிக்கொடுக்கத் தயாரானாள். மூன்றாவதுதான் எங்கள் செல்வமணி.

மகள் பெரியமனுஷியாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. பிள்ளை வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசையில் இருந்தது. புருஷன் ராமையா ஜன்னலோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கை விலங்கால் ஜன்னல் கம்பியில் பூட்டப்பட்டிருந்தது.

"நாலு பேரு மிஸ்" என்றாள் செல்வமணி. "வேன்ல வந்தாங்க. போதைப்பொருள் இருக்குன்னு தகவலாம். ஒருத்தன் துப்பாக்கிய எடுத்து வெத்தலத் தட்டுப் பக்கத்துல வச்சான். சத்தமே போடல. 'அம்மா, நீங்க நல்ல குடும்பமாத் தெரியுது, தேடுறப்ப நகை தொலைஞ்சா எங்களுக்குத்தான் கெட்ட பேரு, எடுத்து மேசையில வைங்க, பதிஞ்சுக்கிறோம்'னான். நல்ல தமிழு. எழுதுனான். எழுதி முழுசா வாசிச்சுக் காட்டுனான். கையெழுத்தும் வாங்குனான்."

"ஒங்களுக்குச் சந்தேகமே வரலியாக்கா?"

"எப்பிடி மிஸ் வரும்? நம்ம ஸ்டேசன் ஆளுங்க மாதிரி இல்ல, அம்மான்னு கூப்பிட்டாங்க. அதனால கொழும்புலருந்து வந்த பெரிய பொலிசுன்னு நெனச்சேன்."

இதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

ராமையாவின் விலங்குக்கு எங்கள் சாவி எதுவும் பொருந்தவில்லை. சார்ஜன்ட் அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான். நம்முடையதைவிட நல்லது" என்றார். விலங்கு வழக்குப் பொருள், அதை வெட்டக்கூடாது என்று பொறுப்பதிகாரி சொன்னார். ஆகவே தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து வீட்டுக்காரரின் ஜன்னல் கம்பியை வெட்டினார். கம்பி போயிற்று, விலங்கு ராமையாவின் கையிலேயே தொங்கியது.

"இந்தக் கோலத்துல ஜீப்புல போனா ஊரு என்னா நெனைக்கும் மிஸ்?" என்றார் ராமையா.

துண்டால் மூடிக்கொள்ளச் சொன்னேன். துண்டால் கையை மூடிக்கொண்டு பொலிஸ் ஜீப்பில் போகும் மனிதரை ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கு ஏறிய பிறகுதான் தோன்றியது. சந்தியில் இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நிலையத்தில் செல்வமணியின் வாக்குமூலம் தொடங்கியது. சார்ஜன்ட் பேனாவோடு. பொறுப்பதிகாரி ஈரத் துணியோடு.

"நகை வீட்டில் இருந்தது யாருக்குத் தெரியும் என்று கேள்."

கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் மிஸ். ஊருக்கே தெரியும்" என்றாள். அப்படியே சொன்னேன்.

"ஊர் என்று எழுத முடியாது. ஊரைக் கைது செய்ய முடியுமா? நகை எங்கிருந்து வந்தது?"

"எங்கண்ணன் கொண்டாந்தாரு. முத்துலிங்கம். தாய்மாமன் சீரு."

தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். மாமன்தான் நகையும் சேலையும் கொண்டுவர வேண்டும், மாமன் வந்தால்தான் பிள்ளையைக் குடிசையிலிருந்து வெளியே கூட்டிவரலாம் என்றேன். பொறுப்பதிகாரி துடைப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு மூன்று தங்கைகள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவர் ஒரு சீப்பாவது வாங்கிக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

"ஒருவன் தங்கை மகளுக்குச் சும்மா இவ்வளவு தங்கம் கொடுக்கிறானா?"

"வழக்கம், சார்."

"கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பியிருப்பான். இன்று காலை அவன் எங்கே?"

முத்துலிங்கம் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவர். சடங்குக்காக லீவில் வந்திருந்தார். அன்று காலை கூடாரத்துக்கும் உட்காரக் கதிரைக்கும் சொல்லப் பதுளை டவுனுக்குப் போயிருந்தார். அங்கிருந்து இரண்டு தடவை போன் செய்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். முற்றத்தை அளக்க ஆள் வருவார்கள், அதற்காக. செல்வமணி கள்ளமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சார்ஜன்ட் போனை மட்டும் எழுதினார். கூடாரத்தை எழுதவில்லை.

கடைசியில், யார் மீதாவது சந்தேகமா என்ற கேள்வி. "யாரச் சொல்றது மிஸ்? கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றாள். சார்ஜன்ட்டிடம் அந்த இடத்துக்கென்று பழகிப்போன ஒரு வாக்கியம் இருந்தது. எல்லா வாக்குமூலத்திலும் அதைத்தான் போடுவார். அண்ணனைப் பற்றிய வரிகளுக்குக் கீழே அதைப் போட்டார்: "இவரைத் தவிர வேறு எவர்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை."

நான் அதைப் பார்த்தேன். மணி இரண்டரை. யாரும் சாப்பிடவில்லை. பொறுப்பதிகாரியின் முன்னால் சார்ஜன்ட்டிடம், இது அவள் சொன்னதில்லை என்று சொல்வதற்கு எனக்குக் குரல் வரவில்லை. "நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கு" என்றேன். செல்வமணி போட்டாள். நானும் போட்டேன்.

நாலு மணிக்கு முத்துலிங்கம் தானாகவே நிலையத்துக்கு வந்தார். மச்சானின் கையை விடுவிக்க டவுனிலிருந்து ஒரு பூட்டுக்காரரை ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். ராமையாவின் கையிலிருந்து விலங்கு கழன்ற அதே நிமிடத்தில் முத்துலிங்கத்தின் கையில் எங்களுடையது ஏறியது. பூட்டுக்காரர், "இதையும் தெறக்கணுமா?" என்று கேட்டார்.

முத்துலிங்கம் சத்தம் போடவில்லை. வாக்குமூலத்தில் இருப்பதைச் சார்ஜன்ட் சொன்னபோது என்னைப் பார்த்தார்.

"மிஸ், எந்தங்கச்சியா அப்பிடிச் சொல்லிச்சு?"

நான் அந்தூரியத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவரை நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் விளக்கமறியலில் சிறைக்கு அனுப்பினால் பதினான்கு நாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு நடக்காது. பிள்ளை குடிசையிலேயே இருக்கும். அதுகூடத் தள்ளிப்போடக்கூடிய காரியம். தங்கையே தன்னைச் சந்தேகப்பட்டாள் என்று அந்த மனிதர் அன்றைக்குச் சிறைக்கூடத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்ததைத் தள்ளிப்போட முடியாது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டியவள் நான்.

மறுநாள் காலை ஹாலிஎலையிலிருந்து வழக்கம்போல பஸ்ஸில் வேலைக்கு வந்தேன். அந்தத் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவில் எட்டு அடி நீளத்தில் ஒரு பேனர். செல்வமணியின் மகள் பட்டுச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில், காதில், கையில், இடுப்பில் மாமன் கொண்டுவந்த அத்தனை நகையும். குடிசைக்கே வந்து படமெடுத்த ஸ்டூடியோக்காரன் ஒவ்வொன்றும் மின்னும்படி நட்சத்திரம் வேறு போட்டிருந்தான். கீழே தாய் தகப்பன் பெயர், சித்தப்பாமார் பெயர், மேல்பிரிவு, எத்தனையாவது லயம், எத்தனையாவது வீடு, அம்புக்குறி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: அனைவரும் வருக.

முந்தின நாள் இதே முடக்கில் ஜீப்பில் நாங்கள் போனோம், வந்தோம். ஜீப்பின் பின்னால் நீள வாங்கில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருடைய முழங்கால் மட்டும்தான் தெரியும். நாங்கள் முக்கால் மணி நேரம் தேடிய வீட்டுக்கு வழி அங்கே வண்ணத்தில் எழுதியிருந்தது. திருடர்களும் பஸ்ஸில் போகிறவர்கள்தானே.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"மிஸ், ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார்.

கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை என் பக்கத்தில் வந்தாள். "என்னா செய்யிறீங்க? அது செல்வமணி வீட்டுப் பேனரு."

"பொலிஸ்" என்றேன்.

"நேத்து வந்தவனும் அதத்தான் சொன்னான்! இங்க வாங்கடி, நக போதாதுன்னு இன்னைக்குப் பேனருக்கு வந்திருக்கா!"

ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் தொப்பியைத் தட்டிப் பார்த்தாள். அடையாள அட்டையை நீட்டினேன். அதை வாங்கி என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோல பரவால்லாம இருக்கா" என்றாள் முதல் பெண்பிள்ளை. "உண்மைப் பொலிசுதான். பாரு, மொகத்துல சிரிப்பே இல்ல."

பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நிலையத்துக்குப் போனேன். மணி ஏழரை. பொறுப்பதிகாரி இலை துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு வராததால் பேனரை அவருக்கு முன்னால் விரித்தேன். அது மூன்று தொட்டிகளை மூடிக்கொண்டு விறாந்தை முழுதும் பரவியது.

"இது என்ன? இதை நேற்றுப் பார்த்தேனே. நகைக்கடை விளம்பரம்."

வாசித்துக் காட்டினேன். பெயர், பிரிவு, லயம், வீடு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். நகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். சித்தப்பாமார் ஆறு பேருடைய பெயரையும் விடவில்லை. "அனைவரும் வருக" என்பதைச் சொன்னபோது சார்ஜன்ட் இருமினார்.

பொறுப்பதிகாரி பேனரின் ஓரத்தைத் தூக்கி ஒரு தொட்டியை வெளியே எடுத்தார்.

"வாக்குமூலத்தில் அவள் அண்ணனைச் சந்தேகப்படுகிறாளே, நோனா" என்றார் மிக மெதுவாக.

சார்ஜன்ட்டுக்கு வெளியில் வேலை வந்துவிட்டது. நான் மட்டும் நின்றேன்.

"அவள் அப்படிச் சொல்லவில்லை, சார். நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியதாகக் கையெழுத்துப் போட்டேன்."

"அதைப் புத்தகத்தில் பதிந்தால் உனக்கு என்ன நடக்கும் தெரியுமா, நோனா?"

"தெரியும், சார்."

அவர் ஈரத் துணியைப் பிழிந்தார். "அப்படியானால் பதி. பிறகு அந்தப் பெண்ணைக் கூட்டிவா. ஒன்பதரைக்கு அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன்னால்."

செல்வமணி வந்தாள். முந்தின நாள் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தேன். அண்ணன் வரிக்கு வந்தபோது அவளுடைய கை வாயைப் பொத்தியது. கடைசி வாக்கியத்துக்கு எழுந்து நின்றுவிட்டாள்.

"இத நானா சொன்னேன்?"

"இல்லக்கா."

"இதக் கேட்டுட்டா எங்கண்ணன் ராத்திரி உள்ள இருந்திருக்கு?"

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீயும் லயத்துப் புள்ளதானே" என்றாள். 'மிஸ்' போய்விட்டது. "அந்தத் திருடன் வாசிச்சுக் காட்டுனான். ஒரு எழுத்து விடாம வாசிச்சான். ஒனக்கு என்னாடி கேடு?"

புதிய வாக்குமூலம் எழுதினோம். இந்தத் தடவை கூடாரம், கதிரை, முற்றம் அளக்கும் ஆள், பேனர் எல்லாம் வந்தது. வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். திருத்தினோம். முத்துலிங்கத்துக்கு எதிராக ஒன்றுமில்லை என்று பொறுப்பதிகாரி பதிந்து, விடச் சொன்னார்.

நகை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்த நாலு பேரும் சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு மாவட்டத்தில் இதே வேலையைச் செய்யும்போது பிடிபட்டார்கள். நகை அதற்குள் உருகிவிட்டிருந்தது. அவர்களிடம் ஒரு பதிவுப் புத்தகம் இருந்ததாம். எங்கள் புத்தகத்தைவிடச் சுத்தமான கையெழுத்தாம். சடங்கு ஞாயிற்றுக்கிழமையே நடந்தது, பிள்ளைக்குப் பூ நகை செய்து போட்டு. பேனர் வழக்குப் பொருளாகிவிட்டதால் விருந்தாளிகள் பாதிப் பேர் மற்ற இரண்டு செல்வமணி வீடுகளுக்குப் போய்விட்டு வந்தார்கள். எனக்கு ஒரு விசாரணையும் ஒரு கண்டனக் கடிதமும் கிடைத்தன. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, வாங்கில் எத்தனை பேர் காத்திருந்தாலும், ஒவ்வொரு வாக்குமூலத்தையும் முழுதாக வாசித்தேன். மூன்று சார்ஜன்ட்கள் என்னோடு வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை ஒன்பதரை மணியைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முத்துலிங்கத்தைச் சிறைக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். நேற்றுப் போட்டிருந்த நல்ல சட்டை கசங்கியிருந்தது. செல்வமணி விறாந்தையில் தொட்டிகளுக்கு நடுவில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை. அவரும் அவள் பக்கம் போகவில்லை. என் மேசைக்கு வந்தார்.

"எந்தங்கச்சி என்னா சொல்லிச்சுன்னு வாசிங்க மிஸ்."

வாசித்தேன்.

"இன்னொரு தரம்."

வாசித்தேன்.

"சத்தமா."

மூன்றாம் தடவை என் வாழ்க்கையில் அதுவரை வராத ஒரு சத்தம் வந்தது. வாங்கில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொறுப்பதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என் அண்ணன்மீது எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நேற்றும் நான் அப்படிச் சொல்லவில்லை."

முத்துலிங்கம் தலையை ஆட்டிவிட்டு விறாந்தைக்குப் போனார். செல்வமணி அப்போதுதான் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்மேல் பாய்ந்தாள்.

"மூணு தரமா கேக்கணும்? நா சொன்னா மொதத் தரமே நம்ப மாட்டியாண்ணே?"

"மொதத் தரமே நம்பிட்டேன்" என்றார் முத்துலிங்கம். "அந்த மிஸ் வாசிச்சுப் பழகட்டும்னு விட்டேன்."